வாய் மட்டும் பாக்கி

என் வீட்டுக்காரரைப் பெரிய ஓவியர் என்கிறார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். கூடக் குடித்தனம் நடத்தியவள் நான்.

கல்யாணமான புதிதில் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுவார். போட்டோவில் கட்டம் போட்டு, செத்தவர்களைப் பெரிதாக வரைந்து கொடுப்பார். பிழைப்பு ஓடியது. பிறகு திடீரென்று ஞானோதயம். போட்டோவைப் பார்த்து வரைவது காப்பியடிக்கிற வேலையாம், இனிமேல் கண்ணெதிரே இருப்பதை மட்டும்தான் தொடுவாராம். துணிக்கடை முதலாளியை உட்காரவைத்து, மூக்கிலிருந்த மருவை அதன் முடியோடு வரைந்தார். அதற்குப் பிறகு யார் வருவார்கள்? பாத்திரம், வெங்காயம், ஜன்னல் என்று வீட்டுக்குள்ளேயே ஆரம்பித்தார். படம் முடியும்வரை நான் அந்த வெங்காயத்தில் கை வைக்கக் கூடாது. முளைவிட்டால் முளையையும் சேர்த்துக்கொள்வார்.

அப்புறம் எங்கள் மகளை உட்காரவைத்தார். யாரை வரைந்தாலும் வாயைக் கடைசியில்தான் போடுவார். அது ஓரிடத்தில் நிற்காது என்பார். நெற்றி, கண், காதோரத்து முடி எல்லாம் அச்சு அசலாக வந்திருந்தது. வாய் மட்டும் பாக்கி. அந்தச் சமயத்தில் காய்ச்சலில் படுத்தவள் எழுந்திருக்கவே இல்லை.

அவளுடைய போட்டோவை எடுத்துக்கொண்டு போய் அவர் முன்னால் நின்றேன். காலில் விழாத குறை.

"பாக்காம போட்டா அது வேற யாரோ வாய். நம்ம பொண்ணோடது இல்ல," என்றார்.

"ஊர்ல செத்தவங்களுக்கெல்லாம் போட்டோ பாத்துப் போட்டீங்களே. பெத்த பொண்ணுக்குக் கை வராதா?"

தூரிகையைக் கழுவப் போய்விட்டார். அன்றைக்கு அவரை வெறுக்கத் தொடங்கினேன். வேளாவேளைக்குச் சோறு போட்டேன், முகம் கொடுத்துப் பேசவில்லை. படத்தை அப்படியே கூடத்துச் சுவரில் மாட்டிவைத்தேன்.

வயதாகி வெளியே நடமாட்டம் குறைந்ததும் என்னை உட்காரச் சொன்னார். முதலில் அவளை முடியுங்கள் என்றேன். முடியாது என்று தலையாட்டினார். நாற்காலியைத் திருப்பிப் போட்டு, மகள் படத்தைப் பார்த்தபடி உட்கார்ந்தேன். தினமும் அப்படித்தான். மனுஷன் என் முதுகை வரைந்துகொண்டிருந்தார்.

அவர் படங்களைக் கண்காட்சி வைத்தபோது எல்லோரும் அந்த முதுகுப் படத்தைத்தான் சூழ்ந்துகொண்டு நின்றார்கள். நானும் போய்ப் பார்த்தேன். கொண்டையில் நழுவிய ஊசி, ரவிக்கை முதுகில் தையல் விட்ட இடம், கண்ணைத் துடைக்கத் தூக்கிய முழங்கை, எதையும் விடவில்லை. நான் அழுததை அத்தனை நாளும் பார்த்துக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

தூரிகையைக் கீழே வைத்துவிட்டு ஒரு தடவை எழுந்து வந்திருக்கலாம்.