போட்டிக் கம்பெனிக்கு அக்கா போட்ட போன்

அச்சங்குளத்தில், அடுத்தவர் காட்டில் களை வெட்டப் போகும் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தவர்கள் எங்கள் அக்கா. தீப்பெட்டி ஆபீசிலும் கம்பி மத்தாப்புக் கம்பெனியிலும் பல வருடம் உழைத்து, வெம்பக்கோட்டைப் பக்கம் சொந்தமாக ஒரு சிறிய மத்தாப்புக் கம்பெனி தொடங்கினார்கள். நானும் கூடவே இருந்தேன். தொழில் சமாச்சாரத்தை வெளியே மூச்சு விடக் கூடாது என்பது என் கட்சி. அக்காவுக்கோ எதையும் மறைக்கவே வராது. இதனால் எங்களுக்குள் நடக்காத சண்டை இல்லை.

லோடு ஏற்றுமுன் ஒரு பெட்டியைக் காதருகே வைத்துக் குலுக்கிப் பார்ப்பது அக்காவின் வழக்கம். முதல் பெரிய வெளியூர் ஆர்டர் போகச் சில நாள் இருக்கும்போது அப்படிக் குலுக்கினால், பெட்டிக்குள் பொலபொலவென்று சத்தம். திறந்தால் மத்தாப்பு மருந்து பாதி உதிர்ந்து கிடந்தது. வாங்கிய கம்பியில் எண்ணெய்ப் பிசுக்கு, மருந்து ஒட்டவே இல்லை! அந்த ஆர்டர் தவறினால் கம்பெனியைப் பூட்ட வேண்டியதுதான்.

அக்கா முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? அதே கடையில் கம்பி வாங்கிய மூன்று போட்டிக் கம்பெனிகளுக்கும் போன்!

"யக்கா, நம்ம சரக்கு கெட்டுப்போச்சுன்னு நாமளே தமுக்கடிக்கணுமா?" என்று கத்தினேன்.

"ஏலே, அவுகளும் அந்தக் கம்பியத்தான் மருந்துல முக்கிக்கிட்டு இருப்பாக. சொல்லாம இருந்தா எனக்குச் சோறு இறங்குமாலே?"

இரண்டு பேர் உடனே வேலையை நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாமவரான விஸ்வநத்தத்து அண்ணாச்சி நேரில் வந்து நின்றார். நம் கதையைப் பார்த்துச் சிரிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன்.

"இம்புட்டுத்தானா தாயி? கம்பிய மரத்தூள்ல நல்லா உருட்டிட்டு முக்குங்க, பிசுக்கு போயிரும். வெளிய யாருக்கும் இதச் சொன்னதில்ல. நீங்க மறைக்காமச் சொன்னீக, மனசு கேக்கல," என்றார்.

அப்படியே ராப்பகலாகப் புதுச் சரக்குப் போட்டு, சொன்ன தேதிக்கே லோடு ஏற்றினோம். எனக்கு அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து நால்வரும் போனிலும், பிறகு வாட்ஸ்அப் குழுவிலும் எல்லாம் பேசிக்கொண்டார்கள். எந்தக் கடையில் மருந்து ஈரம், எந்த ஊரில் எந்த ரகம் விலைபோகிறது, யார் லாரியில் இடம் இருக்கிறது என்று ஓயாத பேச்சு. வீணாகும் சரக்கு குறைந்தது. நால்வர் தொழிலும் செழித்தது. அக்கா எங்கள் ஆர்டர் விவரத்தைக்கூட அதில் போடுவார்கள். அதற்கும் நான் முணுமுணுத்தேன், புத்தி எங்கே போகும்!

சென்ற சீசன் நடுவில், இரண்டே நாள் காய்ச்சலில் அக்கா எங்களை விட்டுப் போனார்கள். ஆர்டரெல்லாம் அக்கா பொறுப்பு, அந்தக் குழுவிலும் நான் இல்லை; எந்தச் சரக்கு எந்த ஊருக்கு என்று எனக்கு ஒன்றும் தெரியாது. பதினாறாம் நாள் காரியம் முடிந்து கம்பெனிக்குப் போனால் குடோன் காலி! வேலையாட்கள்தான் சொன்னார்கள்: மூன்று கம்பெனிக்காரர்களும் சேர்ந்து வந்து, அக்கா குழுவில் போட்டிருந்ததைப் பார்த்து, ஒவ்வொரு லோடையும் உரிய ஊருக்கு ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரியில் உடனிருந்த உறவினருக்கும், காரியத்தில் தோள் கொடுத்த நண்பர்களுக்கும் எங்கள் நன்றி. அந்த மூவருக்கு என்ன சொல்வது? அவர்களுக்குத் தெரியக் கூடாது என்று நான் நினைத்ததெல்லாம் தெரிந்திருந்ததால்தான் இன்றும் எங்கள் கம்பெனி திறந்திருக்கிறது.