சுவரோடு ஒட்டிய தரை

சுண்டுவிரலைச் சுவருக்கும் பலகைக்கும் நடுவில் விட்டுப் பார்க்கிறார். நுழைந்தால் சரி, நுழையாவிட்டால் பலகையைப் பிடுங்கி மறுபடி அறுப்பார். அறையின் நான்கு பக்கமும் முட்டிபோட்டபடியே இந்தச் சோதனை நடக்கும். தரை போடும் இந்த மனிதருக்கு எங்கள் தெருவில் ‘சுண்டுவிரல்காரர்’ என்றே பெயர்.

என் வீட்டு முன்னறைக்கு மரத்தரை நல்லதா, மரத்தூளை அழுத்திச் செய்யும் லாமினேட் பலகை நல்லதா என்று கேட்டது என் தப்பு. பிடித்துக்கொண்டார்.

“எது உழைக்கும்னு மொட்டையா கேட்டா எப்படி சார்? நாய் வளக்குறீங்களா? நாற்காலிய தரதரன்னு இழுப்பீங்களா? அப்போ லாமினேட்டு. லேசுல கீறல் விழாது. மரத்துல விழும். ஆனா மரத்த இழைச்சு பாலிஷ் போட்டா மறுபடி புதுசு. பேரன் காலம் வரைக்கும் ஓடும். லாமினேட்டு தண்ணி குடிச்சு ஊதிடுச்சு, அவ்ளோதான். தூக்கிக் குப்பையில போடுங்க.”

இத்தனை பேசும் ஆள், தூறல் விழுந்தால் கப்சிப். சுத்தியல் பாதியில் நிற்கும்; கண் ஜன்னலுக்குப் போய்விடும். “உங்களை என்ன சர்க்கரையிலயா செஞ்சாங்க, கரைஞ்சிடுவீங்களா?” என்று நான் கேலி செய்தேன். சிரிக்கவில்லை. என் வீட்டு வேலையின் மூன்றாம் நாள் அடைமழையில் அவராகவே வாயைத் திறந்தார்.

போன கோடையில் மகள் வீட்டுக்கும் இவர்தான் தரை போட்டாராம். அவள் மரம்தான் கேட்டிருக்கிறாள். குழந்தைகள் ஓடியாடப் போகிற வீடு, கீறல் விழாது என்று லாமினேட்டுக்கு மாற்றியது இவர். வேலை முடிகிற அன்று, சுவரோரத்தை மூடும் சட்டம் கடையிலிருந்து வந்து சேரவில்லை. மறுநாள் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள்.

“ஓரத்துல சந்து பல்லிளிச்சுக்கிட்டு நின்னா, இதான் உங்கப்பன் வேலையான்னு அவளத்தானே கேப்பாங்க? சுவரோட ஒட்டிப் போட்டுட்டேன் சார். ஊரான் வீட்டுக்கெல்லாம் விடுற இடத்த எம் பொண்ணு வீட்டுல விடல.”

ஈரக்காற்றில் லாமினேட் விரியும். ஓரத்தில் இடம் இல்லாவிட்டால் நடுவில் கிளம்பும். மகளுக்கு இது எட்டாம் மாதம். தினமும் போய்த் தரையைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திரும்பி வருகிறார்.

“மாப்பிள்ளை முன்னாடி சொல்ல நாக்கு எழல. அவ தடுக்கி விழுந்துட்டான்னா...” உதடு கோணியது. மகள் வீட்டுக்குப் போக வண்டியை எடுத்தேன். வழி முழுக்க அவர் என் தோளை இறுக்கிப் பிடித்திருந்தார்.

மகள்தான் கதவைத் திறந்தாள். “என்னப்பா இது, தொப்பலா நனைஞ்சு வந்திருக்கீங்க? இருங்க, துண்டு எடுத்துட்டு வரேன்” என்று உள்ளே போனாள்.

அவள் போன பிறகுதான் பார்த்தோம். அறை வாசலுக்கு முன்னால் இரண்டு பலகைகள் சேரும் இடம் ஒரு விரல் உயரத்துக்குக் கிளம்பியிருந்தது. போகும்போது எப்படியோ தப்பித்திருக்கிறாள். இப்போது துண்டை உதறிக்கொண்டே திரும்பி வந்தாள். வயிறு மறைத்ததில் அவளுக்குத் தன் காலடி தெரியவில்லை.

“நில்லும்மா!” என்று நான்தான் கத்தினேன். அவர் பாய்ந்து தரையில் விழுந்தார். கிளம்பிய பலகையை ஒரு கையால் அழுத்தினார். இன்னொரு கையால் மகளின் கணுக்காலைப் பிடித்தார்.

“அய்யோ, என்னப்பா இது? காலை விடுங்கப்பா!”

அவர் விடவில்லை.