ஞாயிற்றுக்கிழமை வராத பஸ்

நான் ஒருவரைப் பழிவாங்கியிருக்கிறேன். கோபத்தில் வாய் தவறிப் பேசிய கதை இல்லை. ஒரு வருஷம் பொறுத்திருந்து, யோசித்துச் செய்தது. இன்று வரை அதற்காக வருத்தப்பட முயன்றும் சரியாக வரவில்லை.

கோவையில் கணபதிப் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் தனியாக இருக்கிறேன். ஆஸ்பத்திரி லேபில் வேலை. கல்யாண வாழ்க்கை முறிந்து இங்கே குடிவந்த முதல் வருஷம், ஞாயிற்றுக்கிழமைகளை என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நாள் காந்திபுரம் போய், கண்ணில் பட்ட பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தேன். அது சத்தியமங்கலம் போகிற பஸ். மாசி மாசம். வெயில் இன்னும் ஏறவில்லை. புளியம்பட்டி தாண்டியதும் வேம்பு பூத்த வாசனை ஜன்னல் வழியே வந்தது. அன்று சாயங்காலம் வீடு திரும்பியபோது, ரொம்ப நாள் கழித்து எனக்குப் பசித்தது.

அதிலிருந்து மாசியும் பங்குனியும் வந்தால் எந்த ஞாயிறும் வீட்டில் இருக்க மாட்டேன். போகிற ஊருக்கெல்லாம் பஸ் நேரத்தை ஒரு நோட்டில் எழுதிக்கொள்வேன். நகரத்து பஸ்ஸுக்கு நேரம் பார்க்கத் தேவையில்லை. ஒன்று போனால் இன்னொன்று வரும். கிராமங்களுக்குப் போகிற டவுன் பஸ்கள் அப்படியில்லை. ஒரு நாளைக்கு மூன்று நடை, நாலு நடைதான் வரும். சிலது பள்ளிக்கூடம் இருக்கிற நாளில் மட்டும் ஓடும். கண்டக்டரைக் கேட்டு, டீக்கடையில் விசாரித்து, ஒவ்வொரு நேரத்துக்குப் பக்கத்திலும் 'ஞாயிறு உண்டு', 'ஞாயிறு இல்லை' என்று குறித்து வைப்பேன். நாலு வருஷத்தில் அந்த நோட்டு ஏறக்குறைய நிறைந்துவிட்டது.

எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு அப்போது செயலாளராக இருந்தவர் ஓய்வு பெற்ற அதிகாரி ஒருவர். மூன்றாவது மாடி. நல்ல உயரம், கணீரென்ற குரல். பங்குனியில் ஒரு நாள் லிஃப்டில் என் நோட்டைப் பார்த்துவிட்டு, "ஏனுங்க அம்மணி, ஒரு நாளைக்குக் குடுங்க, பாத்துட்டுத் தாரேன்" என்றார். கொடுத்தேன். மறுநாளே திருப்பியும் தந்துவிட்டார்.

பத்து நாள் கழித்து எங்கள் குடியிருப்பு வாட்ஸப் குழுவில் அவர் ஓர் அறிவிப்புப் போட்டார். 'பஸ்ஸிலேயே போய் வரலாம்: என் நீண்டநாள் அனுபவத்திலிருந்து' என்று தலைப்பு. உள்ளே இருந்ததெல்லாம் என் நோட்டுதான். கொடிவேரிக்கு எந்த பஸ்ஸில் எந்தப் பக்கம் உட்கார்ந்தால் வெயில் படாது என்று நான் எழுதியிருந்தது கூட அப்படியே இருந்தது. அந்த ஞாயிறே இருபது பேரைக் கூட்டிக்கொண்டு கிளம்பினார். என்னைக் கூப்பிடவில்லை. அடுத்து வந்த பொங்கல் விழாவில் அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்து எல்லாருக்கும் கொடுத்தார். பின்னட்டையில் அவர் படம்.

விழா முடிந்து சாப்பிடும்போது, அது என் நோட்டாச்சுங்களே என்று மெதுவாகத்தான் கேட்டேன். அவர் பந்தியில் இருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார்.

"அம்மணி, பஸ் டைம் யாரு வேணாலும் எழுதலாமுங்க. பத்துப் பேரைக் குடும்பமாக் கூட்டிட்டுப் போறதுக்கு ஆளு வேணுமில்லீங்களா? தனியாச் சுத்தறவங்களுக்கு அது எப்படிங்க தெரியும்?"

இரண்டு பேர் சிரித்தார்கள். என் இலையில் அப்போதுதான் பாயசம் விட்டிருந்தார்கள். அதைக் குடித்து முடித்துவிட்டுத்தான் எழுந்தேன். திருட்டைக்கூட விட்டிருப்பேன். 'தனியாச் சுத்தறவங்க' என்பதை விட முடியவில்லை.

மாசி பிறந்தது. அவருக்குப் புது இடங்கள் தேவைப்பட்டன. தானே கேட்க முடியாமல் மனைவியை அனுப்பினார். அந்த அம்மா முழங்கால் வலியோடு மெதுவாக நடந்து வந்து, நோட்டைத் தரச் சொல்லி அவர் கேட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னார். நாளைக்கு வாங்கக்கா என்றேன்.

அன்று புதிதாக ஒரு பக்கம் எழுதினேன். கோபிசெட்டிபாளையத்திலிருந்து டவுன் பஸ் போய்த் திரும்புகிற கடைசி ஊர் ஒன்று. மலையடிவாரம், ஒரு ஏரி, கரை நெடுக புங்கமரம். பங்குனியில் அந்தப் பூ உதிர்ந்து தரையே தெரியாது. எழுதியதெல்லாம் உண்மை. திரும்பும் பஸ் மத்தியானம் மூன்றரைக்கு ஒன்று, சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு ஒன்று. அதுவும் உண்மை. ஐந்தே முக்கால் பஸ் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்காக ஓடுவது. அதன் பக்கத்தில் எழுத வேண்டிய 'ஞாயிறு இல்லை' என்பதை மட்டும் நான் எழுதவில்லை. மறுநாள் அந்த அம்மா வந்து நோட்டைப் பக்கம் பக்கமாகப் போனில் படம் எடுத்துக்கொண்டு போனார்.

பங்குனி இரண்டாவது ஞாயிறு என்று குழுவில் அறிவித்தார். இருபத்துமூன்று பேர். வீட்டில் இருந்து கற்பனை பண்ணிக்கொள்ள எனக்கு மனசில்லை. அவர்களுக்கு முந்தின பஸ்ஸிலேயே போய் ஏரிக்கரையின் அந்தக் கோடியில் உட்கார்ந்துகொண்டேன். பதினொரு மணிக்கு வந்து இறங்கினார்கள். அவர் தொப்பி போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார், அவர் மனைவி எல்லாருக்கும் பின்னால். மரத்தடியில் போர்வை விரித்தார்கள், புளிசாதம் சாப்பிட்டார்கள், பாட்டுக்குப் பாட்டு விளையாடினார்கள். இவ்வளவு அழகான இடத்தை எப்படிங்க கண்டுபிடிச்சீங்க என்று யாரோ அவரைக் கேட்டது கரை முழுக்கக் கேட்டது.

மூன்றரை பஸ்ஸுக்கு நான் அவர்களைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. வேண்டுமென்றே நிதானமாக நடந்தேன். பார்த்துவிட்டார்.

"அடடே, அம்மணியும் வந்திருக்கீங்களா? அதுக்குள்ள கிளம்பிட்டீங்க?"

"ஆமாங்க சார். நான் இந்த பஸ்ஸுல போயிடறேனுங்க."

"நாங்க அஞ்சே முக்கா பஸ்ஸுல வாரோமுங்க. வெயில் தாழ இந்த எடத்தைப் பாக்கோணும். உங்களுக்கு அதெல்லாம் ரசிக்கத் தெரியாது."

சரிங்க என்றேன். பஸ் கிளம்ப இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. ஒரு வார்த்தை சொல்ல அந்த நேரம் தாராளமாகப் போதும். கூட்டத்தில் இரண்டாவது மாடிப் பெண்ணும் இருந்தாள். எனக்குக் காய்ச்சல் வந்தபோது கஞ்சி வைத்துக் கொடுத்தவள். அவளைப் பார்த்தபோது மட்டும் வாய் வரைக்கும் வந்தது. ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர், அந்தக் கூட்டமெல்லாம் எப்படிப் போவாங்க என்று என்னைக் கேட்டார். ஏதோ ஏற்பாடு வெச்சிருப்பாங்களாட்ட இருக்குதுங்க என்றேன். அந்த நாளில் நான் வாய் திறந்து சொன்ன ஒரே பொய் அதுதான்.

கோபியில் பஸ் மாறி அவிநாசி வந்தபோது குழுவில் செய்திகள் வர ஆரம்பித்தன. பஸ் லேட் போல என்றார் ஒருவர். ஊர்க்காரர்கள் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸே கிடையாது என்கிறார்கள் என்றார் இன்னொருவர். அப்புறம் பிள்ளைகள் அழுகிறார்கள், குடிக்கத் தண்ணீர் இல்லை, செயலாளர் யாருடைய கேள்விக்கும் பதில் சொல்ல மாட்டேன் என்கிறார். ஒவ்வொன்றையும் இரண்டு தடவை படித்தேன். கண்டக்டர் மீதிச் சில்லறை தர வந்து கூப்பிட்டதுகூடக் காதில் விழவில்லை. கடைசியில் தேங்காய் மட்டை ஏற்றிப் போன டெம்போ ஒன்றை நிறுத்தி, மட்டை மேலேயே உட்கார்ந்து கோபி வந்து சேர்ந்தார்களாம். அவரை ஏற்ற நாலு பேர் தூக்க வேண்டியிருந்ததாம். அதை யாரோ படம் எடுத்தும் போட்டுவிட்டார்கள். தொப்பி சாய்ந்து, வேட்டி மடிப்புக் கலைந்து, தொங்குகிற கால்களோடு ஒரு படம். அவர்கள் வீடு வந்து சேர்வதற்கு முன் நான் தூங்கிவிட்டேன். நல்ல தூக்கம்.

அடுத்த கூட்டத்தில் எல்லாரும் அவரைப் பிடித்துக்கொண்டார்கள். அனுபவம் அனுபவம்னு சொன்னீங்களே, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஓடுதான்னு கூடத் தெரியாதுங்களா என்று கேட்டார்கள். அவரால், இது என் அனுபவம் இல்லை, அந்த அம்மணியின் நோட்டைப் பார்த்து எழுதியது என்று சொல்ல முடியவில்லை. சொன்னால் புத்தகம் பொய்யாகிவிடும். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மாதமே செயலாளர் பொறுப்பை விட்டுவிட்டார்.

ஒரு வாரம் கழித்து அவர் மனைவி வந்தார். முழங்காலில் கட்டுப் போட்டிருந்தார். நாற்காலியில் உட்கார வைத்து, என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வது என்று எதிரே நின்றேன்.

"எல்லா பஸ்ஸுக்கும் ஞாயிறு உண்டு, இல்லைன்னு எழுதியிருந்தீங்க கண்ணு. அது ஒண்ணுக்கு மட்டும் எழுதலை. போட்டோ புடிக்கும்போதே பாத்தேன்."

ஏனுங்கக்கா, சார்கிட்டச் சொல்லலையா என்று கேட்டேன்.

"சொல்லலாம்னு போனேன். பேச வாயெடுத்தா, உனக்கென்ன தெரியும், சும்மா இருன்னு சொல்லிப்போட்டாரு. முப்பத்தெட்டு வருசமா இதையேதான் சொல்லிட்டிருக்காரு. சரி, இருந்துக்கறேன்னு இருந்துட்டேன்."

டெம்போவில் வந்ததில் கால் வீங்கிவிட்டதாம். ஆனாலும் அவரை அவர்கள் தூக்கி ஏற்றியபோது முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாராம். காபி குடித்துவிட்டுப் போனார். எனக்கு அன்று கொஞ்சம் எரிச்சலாக இருந்தது. முழுக்க என்னுடையது என்று நினைத்திருந்த ஒன்றில் இன்னொருவரும் கை வைத்திருக்கிறார். அவருடைய கணக்கு என்னுடையதைவிடப் பழையது என்பதால் விட்டுக்கொடுத்தேன். இரண்டாவது மாடிப் பெண்ணுக்கு மட்டும் நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். மூன்று மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள்.

இந்த வருஷம் மாசியில் அவர் வாசல் கேட் அருகே என்னை நிறுத்தினார். ஆளே கொஞ்சம் இளைத்திருந்தார். ஆனைமலைப் பக்கம் போக எந்த பஸ் நல்லதுங்க என்று, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

தெரிந்த நேரம்தான். மனப்பாடமாகவே இருந்தது. ஆனாலும் பையைத் திறந்து நோட்டை எடுத்து, முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினேன். வெயில் அவர் தலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. கடைசிப் பக்கம் வரை போய், மறுபடியும் முதலிலிருந்து தேட ஆரம்பித்தேன்.