நின்று பேசுகிற மனிதர்

நோய் எனக்கு முதலில் தந்தது நல்ல பெயர்.

தேனி கடைவீதியில் வீட்டுக்கு நடக்கையில் நெஞ்சு இறுகும் இடத்திலெல்லாம் நின்று, எதிரில் இருப்பவரை நலம் விசாரிப்பேன். ஏலக்காய்க் கடை ராவுத்தரிடம் விலை கேட்பேன். அவர் சொல்லி முடிப்பதற்குள் மூச்சு திரும்பிவிடும். “எம்புட்டுப் படிச்சவுக, நின்னு பேசிட்டுப் போறாக” என்று வீதியே மெச்சியது. வாயு, தொந்தி, வயது என்று காரணங்களும் கைவசம் இருந்தன. படித்தவனுக்குச் சாக்குக்கா பஞ்சம்?

மனைவி செல்வியின் இருமலுக்காகப் பழனிசெட்டிபட்டி டாக்டரிடம் போனோம். அவர் புது ஸ்டெதஸ்கோப் வைத்திருந்தார். அது இதயச் சத்தத்தைப் பதிவுசெய்து கைபேசிக்கு அனுப்பும். அங்கே செயற்கை நுண்ணறிவுச் செயலி கேட்டுக் கருத்துச் சொல்லும்.

“இவுகளுக்கும் வச்சுப் பாருங்க. நாலு கடைக்கு ஒருக்கா நிக்கிறாக” என்றாள் செல்வி, என்னைக் காட்டி.

“ஊரே என் பழக்கத்த மெச்சுது.”

“ஊரா கூட நடந்து வருது? நான்ல வாரேன்.”

டாக்டர் என் நெஞ்சில் வைத்தார். கைபேசித் திரை சிவந்தது. மர்மர் (குறுகிய வழியில் ரத்தம் பாயும் இரைச்சல்). வால்வு நோய் இருக்கலாம். வீட்டில்கூட யாரும் என்னை இவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை; இத்தனைக்கும் நான் வாயே திறக்கவில்லை.

டாக்டர் தன் காதாலும் கேட்டார். “லேசாத்தான் இருக்கு. நானா இருந்தா விட்டிருப்பேன், மெஷின் விடல. ஆனா அது சொல்றதே முடிவில்ல. மதுரையில எக்கோ எடுங்க.”

எக்கோ (ஒலியலையால் இதயத்தைப் படம்பிடிக்கும் சோதனை) உறுதி செய்தது: அயோர்ட்டிக் ஸ்டெனோசிஸ் (இதயத்தை விட்டு ரத்தம் வெளியேறும் வால்வு தடித்துச் சுருங்குதல்). முற்றிய நிலை.

“ஆபரேஷனத் தள்ளிப்போட்டா?” என்றேன்.

“ஒருநாள் நின்னு பேசிக்கிட்டிருக்கும்போதே விழுந்துருவீங்க” என்றார் மதுரை மருத்துவர். அவருக்கு நகைச்சுவை வராது என்று தெரிந்ததும் ஒப்புக்கொண்டேன்.

புது வால்வு வைத்தார்கள். அறுத்த நெஞ்செலும்பு கூடும்வரை, இருமும்போது தலையணையை மார்போடு இறுக்கிக்கொள்ள வேண்டும். “கல்யாணமான புதுசுல கூட என்னைய இப்படிப் புடிச்சதில்ல” என்றாள் செல்வி. சிரித்தால் உயிர் போகும் வலி. சிரித்தேன்.

உங்களுக்கும் அண்மையில் நின்று பேசும் பழக்கம் வந்திருந்தால், அதைப் பண்பு என்று நம்பிவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

குணமான பிறகு அதே வீதியில் நடந்தேன். ஒரு மாலைப்பொழுது நீளமிருந்த வீதி, தொடங்கியதும் முடிந்துவிட்டது. நெஞ்சு எங்கேயும் கைகாட்டி நிறுத்தவில்லை. பின்னாலிருந்து ராவுத்தர் குரல்:

“என்ன மாப்ள, வால்வு புதுசானதும் பழைய ஆளு கண்ணுக்குத் தெரியலையோ?”

திரும்பிப் போய் ஏலக்காய் விலை கேட்டேன். எப்போதும்போல நீளமாகச் சொன்னார். அன்றுதான் முதன்முறையாக அவர் சொன்ன விலை என் காதில் விழுந்தது.