பவுடர் போட்ட குட்டி

போடியில் ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறவன் நான். சாயம் ஏற்றிய காயைத் தள்ளி நின்றே சொல்லிவிடுவேன். கையில் வாங்கினால் உருட்டி, உரித்து, மோந்து, விற்க வந்தவர் முகம் வாடும்வரை விடமாட்டேன். யாராவது கேரண்டி என்று ஆரம்பித்தால் மூட்டையை அவிழ்க்கவே சொல்லமாட்டேன்.

அப்பேர்ப்பட்ட நான்தான், மகளுக்கு முதல் பூனைக்குட்டியைப் பஸ் நிறுத்தத்தில் கூடையோடு நின்ற ஓர் ஆளிடம் வாங்கினேன். வெள்ளைவெளேரென்று பவுடர் வாசத்தோடு இருந்தது. ஒன்றும் ஆகாது, கேரண்டி என்றார். நானும் தலையை ஆட்டினேன்.

வீட்டில் ஈரத்துணியால் துடைத்தபோது பவுடர் போய், அடியில் சொறி தெரிந்தது. வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. பால்குடி மறக்கும் முன்னே தாயிடமிருந்து பிரித்துவிட்டார்கள் என்றார் மருத்துவர். அந்த வாரமே குட்டி போய்விட்டது. புதைத்துவிட்டுக் கை கழுவும்போது மகள் கேட்டாள்: "நாம வாங்காம இருந்திருந்தா அது அம்மாகிட்டயே இருந்திருக்கும்லப்பா?"

அதற்குப் பிறகு அவள் பூனைப் பேச்சையே எடுக்கவில்லை. தெருவில் பூனை போனால் வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். அதுதான் எங்களுக்குப் பொறுக்கவில்லை.

போடிமெட்டுக்கு மேலே, எஸ்டேட் வேலைக்குப் போகும் ஓர் அம்மா பெர்ஷியன் பூனை வளர்ப்பதாக என் மனைவிதான் விசாரித்து வந்தாள். "இந்தத் தடவையாவது காயப் பாத்து மயங்காம, செடியப் பாருங்க" என்றாள். என் தொழிலை எடுத்தே என்னை அடிப்பது அவள் வழக்கம்.

பார்க்க மட்டும்தான் என்று சொல்லி மகளை ஷேர் ஜீப்பில் ஏற்றினேன். எதற்கும் இருக்கட்டும் என்று காலிக் கூடையையும் எடுத்துக்கொண்டேன். கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்தது நான்தான்.

அந்த அம்மா குட்டியைக் காட்டும் முன் எங்களைத்தான் விசாரித்தார். பகலில் வீட்டில் யார் இருப்பார்கள், முன்பு வளர்த்தது என்ன ஆனது என்றெல்லாம் கேட்டார். விலை ஏற்றத்தான் இந்த விசாரணை என்று என் வியாபார மூளை கணக்குப் போட்டது. பிறகு எங்களை அடுப்படிக்கே கூட்டிப்போனார். தாய்ப்பூனை சாக்கின் மேல் கால் நீட்டிப் படுத்திருந்தது. எங்களைப் பார்த்து எழவும் இல்லை, ஒளியவும் இல்லை. குட்டிகள் முட்டிமோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

ஒன்றை என் கையில் வைத்தார். பழக்க தோஷம், வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, திருப்பி, மோந்து பார்த்தேன்.

"அண்ணே, அது காயில்ல" என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அடக்கிவைத்திருந்ததையும் கேட்டுவிட்டாள்: "இது சாகாதுல்ல?"

கேரண்டி வரப்போகிறது என்று நான் காதைத் தீட்டிக்கொண்டேன். அந்த அம்மா அவள் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தார்.

"அத நான் எப்பிடிப் பாப்பா சொல்ல? பால்குடி மறக்கட்டும், ஊசியும் போட்டுத் தர்றேன். அப்பறமும் மேலுக்கு முடியலைன்னா இங்க கொண்டா. அதோட ஆத்தா இங்கதான இருக்கு."

இன்றைக்கே கொடுத்தால் கூடக் கொஞ்சம் தருகிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் என் கையிலிருந்த குட்டியை வாங்கி, தாயின் வயிற்றோரம் பழைய இடத்திலேயே விட்டாள்.

"குடிச்சு முடிக்கட்டும்ப்பா. பெறகு வருவோம்."

இறங்கும்போது ஜீப்பில் கூட்டம். காலிக் கூடையை மடியில் வைத்திருந்த அவள், அதற்குள் என்ன துணி விரிக்கலாம் என்று வழியெல்லாம் கேட்டுக்கொண்டே வந்தாள். என்னுடைய நல்ல வேட்டிதான் தோதுப்படும் என்று போடி வருவதற்குள் முடிவாகிவிட்டது.