அடித் தண்ணீரின் உப்பு

ஒருவரைப் பழி வாங்குவதென்று முடிவெடுத்தபின், அவருடைய காரிலேயே முன் சீட்டில் ஏறி, அவருடைய மனைவி சுற்றிக் கொடுத்த மீன் அடைத்த பணிஸைச் சாப்பிட்டுக்கொண்டு மூன்றரை மணித்தியாலம் போவது லேசான வேலை இல்லை. நான் இரண்டு வருடம் அப்படிப் போய் வந்தேன். பணிஸ் நல்ல ருசி. அதிலும் எனக்குக் கோபம்தான்.

அவரை ரோவில் அண்ணை என்றே சொல்கிறேன். மெல்பர்னின் ரோவிலில் பெரிய வீடு, என்ஜினியர் வேலை, என்னைவிட எட்டு வயது மூப்பு. நான் நோபல் பார்க்கில் இருக்கிறவன். டன்டினோங் பக்கத்தில் ஒரு குளிர்க் களஞ்சியத்தில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறேன். சனிக்கிழமைகளில் எங்கள் கார் மனைவிக்குத் தேவை. ஆகவே, தூண்டில்காரர் சங்கத்தோடு எங்கே போனாலும் அண்ணையின் காரில்தான் போவேன். சங்கத்தில் என்னைச் சேர்த்துவிட்டதும் அவர்தான்.

"தம்பி, கடற்கரை வழிய தனியத் தூண்டில் போட்டுக்கொண்டு நிக்காமல் எங்களோடை வாரும். மீன் விடப் போறம்" என்றார்.

"பிடிக்கிறதெண்டால் தெரியும். விடுறதெண்டால் என்ன அண்ணை?"

"வந்து பாருமன்."

போய்ப் பார்த்தேன், பிடித்துப்போனது. ஒவ்வொரு வசந்தத்திலும் குஞ்சு பொரிக்கும் பண்ணையிலிருந்து தொட்டி கட்டிய லொறி ஒன்று மேற்குக் கரையோரம் வரும். அதற்குள் விரல் நீளத்தில் பழுப்பு ட்ரவுட் குஞ்சுகள். அவற்றை வாளிகளில் வாங்கி, கடலில் போய் விழும் சின்ன ஆறு ஒன்றில் விடுவோம். குஞ்சுகள் ஓரிரண்டு வருடம் ஆற்றில் வளரும். பிறகு சில கடலுக்கு இறங்கிப் போகும். அங்கே தின்று கொழுத்து, வெள்ளி பூசியதுபோல உடம்போடு, கைத் தடிப்பில் திரும்பி ஆற்றுக்குள் ஏறும். அந்த மீனுக்காகக் கழிமுகத்தில் நாள் முழுக்க நிற்பவர்கள் உண்டு. நானும் நின்றிருக்கிறேன்.

மீன் விடும் வேலைக்கு ஒரு பொறுப்பாளர் அம்மா இருந்தார், எழுபதை நெருங்கும் வெள்ளைக்காரப் பெண். ஒவ்வொரு வாளியும் காலியானதும், "பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியாச்சு, இனிக் கடிதம் எழுதுறதும் எழுதாததும் அதுகளின் இஷ்டம்" என்று அவருடைய மொழியில் சொல்வார். மனிதர் வாயிலிருந்து இப்படி வரும் சொற்களைச் சேர்த்து வைக்கிறவன் நான். படித்துச் சேர்த்த அறிவு எனக்குக் குறைவு, கேட்டுச் சேர்த்ததே அதிகம்.

குஞ்சுகள் உப்பைத் தாங்காது. ஆகவே கடல் தண்ணீர் ஏறாத இடத்தில்தான் விடவேண்டும். ரோட்டோரப் பாலத்தடியில் விட்டால் லேசு, ஆனால் அங்கே கடல் பெருக்கு நேரத்தில் உப்பு ஏறும். மாட்டுப் பட்டி நடுவே இருபது நிமிடம் வாளியோடு நடந்து ஆற்றைக் கடக்கும் மேல் கடவைக்குப் போனால் நல்ல தண்ணீர். இது சங்கத்தின் விதி.

என்னிடமும் ஒரு வழக்கம் இருந்தது. தண்ணீரை ருசி பார்ப்பேன். உப்புத் தண்ணீர் பாரம், அது அடியில் போய்ப் படுத்துக்கொள்ளும். நல்ல தண்ணீர் அதன் மேலே ஓடும். மேலே விரலைத் தோய்த்து நக்கிப் பார்ப்பவன் ஏமாந்துபோவான். குஞ்சு மேலே நிற்காது. பயத்தில் நேரே அடிக்குத்தான் ஓடும். அதனால் கூட்டுகிற தும்புத்தடியின் கம்பு ஒன்றில் வெறும் கோடியல் சர்பத் போத்தலைக் கட்டி, மூடியில் நூல் முடிந்து வைத்திருந்தேன். அடியில் தட்டியபின் நூலை இழுத்தால் மூடி கழலும், அடித் தண்ணீர் உள்ளே வரும். சங்கத்தில் சிரித்தார்கள். எனக்கு 'டேஸ்டர்', ருசிக்காரன், என்று பெயரும் வைத்தார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. இந்த நாட்டில் எனக்குக் கிடைத்த பட்டம் அது ஒன்றுதான்.

முதல் வருடம் நடந்ததைச் சொல்கிறேன். அன்றைக்கு அண்ணைக்கு அவசரம். மெல்பர்னில் ஒரு பிள்ளை பெரியவளானதுக்குச் சாமத்திய வீடு. மண்டபத்தில் மைக் பிடிப்பவர் அவர். பாலத்தடியில் வாளிகளை வைத்துவிட்டு மணிக்கூட்டைப் பார்த்தார். மற்றவர்கள் லொறியடியில் நின்றார்கள்.

"தம்பி, இதிலையே ஊத்துவம்."

"அண்ணை, பெருக்கு நேரம். பொறுங்கோ, காருக்குள்ளை போத்தல் கிடக்கு, எடுத்துக்கொண்டு ஓடி வாறன்."

"ரெண்டு மணிக்கு நிகழ்ச்சி தொடங்குது காணும். நான் மைக்கிலை கூப்பிடாமல் பிள்ளை பல்லக்கிலை ஏறாது."

போத்தலோடு நான் திரும்பி வந்தபோது மூன்று வாளியும் கவிழ்ந்து கிடந்தன. அரை மணித்தியாலத்தில் பாலத்தூண்களைச் சுற்றிக் குஞ்சுகள் வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. பொறுப்பாளர் அம்மா வந்தார், எல்லாரும் வந்தார்கள். யார் இங்கே ஊற்றச் சொன்னது என்று கேட்டார்.

அண்ணை வேகமான இங்கிலிசில் பதில் சொன்னார். இவர் ருசி பார்த்தார், தண்ணீர் நல்லது என்றார், நான் நம்பி ஊற்றினேன் என்று.

என் கையில் போத்தல் இருந்தது, உள்ளே ஒரு துளி ஈரம் இல்லை. அதை யாரும் பார்க்கவில்லை. நான் இங்கிலிஸ் வசனத்தை மனதுக்குள் கூட்டிக்கொண்டிருந்தேன். கூட்டி முடிப்பதற்குள் அவர்கள் தலையாட்டிவிட்டார்கள். அதோடு, அண்ணை என்று கூப்பிட்ட வாயால் அத்தனை வெள்ளைக்காரர் முன்னே அவரைப் பொய்யர் என்று சொல்லவும் வரவில்லை. காரில் ஏறினால் மன்னிப்புக் கேட்பார் என்று நினைத்தேன்.

"விசயம் என்னெண்டால் தம்பி," என்று தொடங்கினார். எந்தப் பொய்யையும் அவர் அந்த வார்த்தையில்தான் தொடங்குவார். "எனக்கு வாற வருசம் கமிட்டியிலை இடம் இருக்கு. நீர் சும்மா வந்து போற ஆள். உமக்கு இதாலை என்ன குறையப்போகுது?"

குறைந்தது இதுதான்: மீன் தூக்குகிறவர்களின் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். எல்லாருடைய சாப்பாட்டுக்கும் அடுப்படியில் சொசேஜ் பிரட்டும் வேலை கொடுத்தார்கள். டேஸ்டர் என்ற பெயர் அப்படியே இருந்தது, ஆனால் அதைச் சொல்லும்போது சிரிப்பு வேறு சிரிப்பாகிவிட்டது. "டேஸ்டர், இந்தச் சொசேஜ் வெந்துவிட்டதா?" என்பார்கள். அண்ணையும் கேட்பார்.

அவர் கமிட்டிக்குப் போனார். அடுத்த வருடம், பொறுப்பாளர் அம்மாவுக்குக் கீழே, அந்த ஆற்றில் மீன் விடும் வேலை முழுவதும் அவர் கைக்கு வந்தது. நான் அவருடைய காரிலேயே போய் வந்தேன். பழி வாங்க நினைக்கிறவன் தூரத்தில் நின்றால் சந்தர்ப்பம் வரும்போது கை எட்டாது.

என் மனைவி ஒருநாள் சொன்னாள்: "ரெண்டு வருசமா அந்த மனுசனைச் சோத்தோடை குழைச்சுத் தின்னுறியள். செமிக்குதோ?"

"செமிக்கேல்லை."

"அப்ப ஒண்டில் துப்புங்கோ, இல்லாட்டி விழுங்குங்கோ. குசினிக்குள்ளை நிண்டு முணுமுணுக்காதேங்கோ."

நான் இரண்டும் செய்யவில்லை. காத்திருந்தேன்.

மூன்றாவது வருடம் மழை குறைவு. ஆறு மெலிந்து போயிருந்தது, கழிமுகத்தை அடைக்கும் மணல் திட்டு மட்டும் கடலுக்கு அகலத் திறந்து கிடந்தது. லொறி வருவதற்கு முன், யாரும் கேட்காமலே, மேல் கடவைக்குப் போத்தலோடு நடந்து போனேன். பட்டியலில் பெயர் இல்லாதபோதும் அதை நான் விட்டதில்லை. மேலே விரல் வைத்து ருசித்தேன், நல்ல தண்ணீர். மடுவின் அடிக்குப் போத்தலை இறக்கி நூலை இழுத்தேன். வாயில் வைத்ததும் தெரிந்தது. கடல் இவ்வளவு தூரம் ஏறி வந்து அடியில் படுத்திருந்தது.

அந்த உப்பை நான் உடனே துப்பவில்லை.

பொக்கெட்டிலிருந்து சின்னக் கொப்பியை எடுத்து, பொறுப்பாளர் அம்மாவுக்கு விளங்கட்டும் என்று இங்கிலிசில் எழுதினேன்: ஒன்பது பத்து, மேல் கடவை, மேலே நல்லது, அடியில் உப்பு. போத்தலை மூடிப் பத்திரமாக வைத்தேன். திரும்பி வந்து, பொறுப்பாளர் அம்மாவின் பக்கத்தில் நின்று சொசேஜுக்கு அடுப்பு மூட்டினேன்.

ஒரு வாளி போதும் என்று தீர்மானித்திருந்தேன். எல்லார் கண் முன்னாலும் அவர் கையால் ஒரு வாளி போகவேண்டும். அதற்குப் பிறகு நிற்பாட்டுவேன்.

பத்து மணியளவில் வாளிகளோடு எல்லாரும் மேல் கடவைக்கு நடந்தார்கள். நானும் பின்னால் போனேன். உப்பு அளக்கும் சின்னக் கருவி ஒன்றைச் சங்கம் அண்ணைக்கு வாங்கிக் கொடுத்திருந்தது. அவர் குனிந்து அதை மேல் தண்ணீரில் தோய்த்தார், எல்லாருக்கும் காட்டினார். நல்ல தண்ணீர். பிறகு என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னார்:

"என்ன டேஸ்டர், நக்கிப் பாக்கேல்லையோ?"

"நீங்கள் ஊத்துங்கோ அண்ணை" என்றேன்.

ஊற்றினார். குஞ்சுகள் ஒரு கருப்புப் புகைபோலப் பிரிந்து, நான் எதிர்பார்த்தபடியே அடிக்கு ஓடின. அடுத்த வாளியோடு பொறுப்பாளர் அம்மா தண்ணீருக்குள் இறங்கினார். அவர் கையால் அது நடக்க நான் விடவில்லை. குறுக்கே போய் நின்றேன், போத்தலை நீட்டி, அடித் தண்ணீர், ருசித்துப் பாருங்கள் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு நாக்கில் வைத்தார். உடனே துப்பினார். எல்லா வாளிகளையும் கரையில் வைக்கச் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் முதல் குஞ்சு சரிந்தபடி மேலே வந்தது. பிறகு இன்னொன்று. பிறகு எண்ண முடியவில்லை.

அப்போதுதான் நான் பேசினேன். இரண்டு வருடமாகக் கூட்டி வைத்த வசனங்கள், ஒன்றுகூடத் தடுக்கவில்லை. முதல் வருடம் பாலத்தடியில் யார் ஊற்றினது, ஏன் அவசரப்பட்டார், என் போத்தல் எப்படிக் காய்ந்து இருந்தது, எல்லாம் சொன்னேன். எல்லா முகமும் மெல்ல அண்ணையின் பக்கம் திரும்பியது. அவர் தொப்பியைக் கழற்றினார். "விசயம் என்னெண்டால்..." என்று தொடங்கினார், ஒரு சொல் தமிழ் தெரியாத அத்தனை பேரையும் பார்த்து. பிறகு வாய் மூடிக்கொண்டது.

உள்ளதைச் சொல்கிறேன்: என் வாழ்க்கையில் அதுபோல ருசியான ஒன்றை நான் அனுபவித்ததில்லை.

ஆதாரமும் இருக்கிறது என்று கொப்பியை நீட்டினேன். கேட்காமலே நீட்டினேன். பொறுப்பாளர் அம்மா கண்ணாடியைப் போட்டு வாசித்தார். தன் மணிக்கூட்டைப் பார்த்தார். மறுபடி வாசித்தார்.

"யூ நியூ" என்றார், சத்தமில்லாமல். உனக்குத் தெரிந்திருக்கிறது என்று.

நான் அண்ணையைக் கை காட்டி ஏதோ சொல்லப் போனேன். அம்மா கொப்பியை என் கையில் திருப்பி வைத்தார். ஒன்பது பத்துக்கே உனக்குத் தெரியும், அடுப்படியில் அரை மணித்தியாலம் என் பக்கத்தில் நின்றாய், என்றார். அவ்வளவுதான். வாளிகளைத் தூக்கிக்கொண்டு இன்னும் மேலே, அடுத்த கடவைக்குப் போகச் சொல்லி மற்றவர்களைக் கூப்பிட்டார். எங்கள் இருவரையும் கூப்பிடவில்லை. என் போத்தல் கட்டிய கம்பை மட்டும் ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.

நானும் அண்ணையும் ஆளுக்கொரு சின்ன வலையோடு முழங்கால் தண்ணீரில் நின்று செத்த குஞ்சுகளை அள்ளினோம். சிலவற்றில் உயிர் இருந்தது. நல்ல தண்ணீர் வாளியில் போட்டோம். கனக்க இல்லை. ஒரு குஞ்சு என் உள்ளங்கையில் வாயைத் திறந்து திறந்து மூடியது. அதை நான் நெடுநேரம் பார்க்கவில்லை.

திரும்பும்போது வேறு கார் இல்லை. கோலாக் ஊர் தாண்டும்வரை இருவரும் ரோட்டையே பார்த்துக்கொண்டு போனோம். பணிஸ் பெட்டி நடுவில் திறக்காமல் இருந்தது. பிறகு அவர் ரோட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

"ஒன்பது பத்துக்கோ பாத்தனீர்?"

"ஓம்."

"அப்ப ஏன் காணும் எனக்குச் சொல்லேல்லை?"

"நீங்கள் கேக்கேல்லையே."

"உமக்கு மீனிலை இரக்கம் எண்டெல்லோ நான் நினைச்சிருந்தன்."

"நானும் அப்பிடித்தான் நினைச்சிருந்தனான்."

கொஞ்சத் தூரம் போனது. "நீங்கள் மூண்டு வாளி அண்ணை. நான் ஒண்டு" என்றேன்.

"நான் அவசரத்திலை ஊத்தினனான். நீர் ஆறுதலா நிண்டு பாத்துக்கொண்டு நிண்டனீர்."

அவர் வாயிலிருந்து "நான் ஊத்தினனான்" என்று வந்ததைக் காது பிடித்துக்கொண்டது. இரண்டு வருடம் காத்திருந்த சொல் அது.

அப்போது அவருடைய கைபேசிக்குச் சங்கத்தின் குழுவில் ஒரு செய்தி வந்தது. அவருடைய கார் புதியது, வரும் செய்திகளைத் தானே உரக்க வாசிக்கும். ஒரு பெண் குரல், எங்கள் பெயர்களைக் கடித்துக் குதறி, எல்லாருக்கும் பொறுப்பாளர் அம்மா எழுதியதை வாசித்தது: கமிட்டி கூடி முடிவெடுக்கும்வரை இவர்கள் இருவரும் மீன் கையாள மாட்டார்கள். முதலில் அவர் பெயர், பிறகு என் பெயர். நடுவில் ஒரு 'அண்ட்', இருவரையும் சரிசமமாக்கி.

அண்ணை கையை நீட்டி அதை நிற்பாட்டினார். அவருடைய காது சிவந்திருந்தது. எனக்கு மீன் தூக்கும் வேலை இனித் திரும்பி வராது என்று அந்த நேரமே தெரியும். வரவும் இல்லை.

"அண்ணை," என்றேன், "அதை இன்னொருக்கால் போடுங்கோ."

அவர் போடவில்லை. ஜீலோங் வரும்வரை ரேடியோவும் போடவில்லை.