வெஸ்ட் வர்ஜீனியாவில் இரண்டு வரிகள்

அப்பாவுக்கு வந்திருப்பது டி.பி. இல்லை என்பது எங்கள் வீட்டில் எனக்கு மட்டும்தான் தெரியும். நுரையீரலில் கல்தூசி படிந்துவிட்டது, அது இனிமேல் போகாது என்று டாக்டர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார். "நீதான் படிச்ச பையன். வீட்டுல பக்குவமா சொல்லு." பன்னிரண்டாவது முடித்திருந்தேன், எங்கள் குடும்பத்தில் அவ்வளவு தூரம் போனவன் நான் ஒருவன்தான். மூன்று வாரமாகியும் சொல்லவில்லை.

பல்லாவரத்து மலையில் கம்ப்ரசர் வைத்துப் பாறையில் துளை போடுவது அப்பாவின் வேலை. மாத்திரை முடிந்ததும் திரும்பப் போய்விடலாம் என்றிருந்தார். அதுவரை அவருடைய இடத்தில் மாமா, அம்மாவின் தம்பி, துளை போட்டுக்கொண்டிருந்தார்.

மேற்குத் தாம்பரம் வீட்டில் அப்பாவால் படுக்கவும் முடியாது, நடக்கவும் முடியாது. பகலெல்லாம் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கு நான் படித்துக் காட்டியது, பழைய பேப்பர் கடையில் கிடைத்த ஒரு என்சைக்ளோபீடியாவின் கடைசித் தொகுதி. மற்ற தொகுதிகள் கடையிலும் இல்லை. வரிக்கு வரி விரல் வைத்து ஆங்கிலத்தில் படித்து, தமிழில் சொல்வேன்.

அன்று வெஸ்ட் வர்ஜீனியா.

"வெஸ்ட்டா? அப்ப ஈஸ்ட்டு எங்க கீது? நம்ம தாம்பரம் மாதிரி நடுவுல ரயிலு போவுதா?"

"ஈஸ்ட்டு கிடையாது நைனா. சண்டையில பிரிஞ்சி வந்த மாநிலம். முழுக்க மலை."

"மலைன்னா குவாரி இருக்குமே."

நிலக்கரி இருந்தது. கறுப்புக் கரடி இருந்தது. அன்னையர் தினம் அங்கேதான் ஆரம்பித்ததாம் என்றேன். அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்த அம்மா, "வருசத்துக்கு ஒரு நாளா? அன்னிக்காவது சோறு அவனுங்க பொங்குவானுங்களா?" என்றாள். அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் பிடித்தது.

அந்த மாநிலத்து முத்திரையின் படத்தைக் காட்டினேன். நடுவில் ஒரு பாறை. ஒரு பக்கம் விவசாயி, மறுபக்கம் பிக்காசுடன் ஒரு சுரங்கத் தொழிலாளி.

"கவர்மெண்டு சீல்லயே நம்ம ஆளு கீறான்டா!" பாறையில் பொறித்திருந்த தேதியைக் கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். "சுத்தமா வெட்டிகீறான்."

அடுத்த பத்தியில் அது இருந்தது. ஓர் ஆற்றைத் திருப்புவதற்காக மலையைக் குடைந்திருக்கிறார்கள். பாறைத் தூசியைச் சுவாசித்தவர்கள் ஓரிரு வருடத்திலேயே செத்திருக்கிறார்கள். என் விரல் அதைத் தாண்டி ஆப்பிள் தோட்டங்களுக்குப் போனது.

"நில்லு. ரெண்டு வரி தாண்டிட்ட."

"இல்ல நைனா."

"எனக்கு எழுத்துதான் தெரியாது. கோடு தெரியும். பாறையில கோடு போட்டு, அது மேலயே துளை போட்டவன்டா நானு. படி."

படித்தேன். டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிட்டேன். அம்மாவின் கை முறத்திலேயே நின்றுவிட்டது.

அப்பா திட்டவில்லை. "எத்தினி வருசம் தாங்குனானுங்க?" என்றார்.

"ஒண்ணு, ரெண்டு."

"தப்பிக்க வழி எதுனா போட்டுகீதா?"

"தண்ணி வுட்டுக்கினே துளை போட்டா தூசி எழும்பாதாம்."

அந்த ஞாயிற்றுக்கிழமை மாமா ரொட்டி வாங்கிக்கொண்டு வந்தார். அப்பா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். "மச்சான், இனிமே தண்ணி வுட்டுத்தான் துளை போடணும். மேஸ்திரிகிட்ட சொல்லு."

"நல்லா சொன்ன மச்சான். குடிக்கவே லாரி வந்தாத்தான் தண்ணி. இதுல பாறைய குளிப்பாட்டணுமா?"

"சிரிக்காதடா!" அப்பா கத்தத்தான் நினைத்தார். காற்றுதான் வந்தது.

அடுத்த மழைக்காலத்துக்கு அப்பா இல்லை. மாமா குவாரியில்தான் இருந்தார்.

ஆறு வருடம் கழித்து, சிட்லபாக்கத்தில் நான் வாடகைக்கு இருந்த மாடி வீட்டுக்கு மாமா வந்தார். படியில் இரண்டு இடத்தில் நின்றுதான் ஏறினார். உட்கார்ந்து, மூச்சு ஒரு நிலைக்கு வந்த பிறகு கேட்டார்.

"அந்த புக்கு வச்சிகீறியா? அந்த ஊரு ஆளுங்க எத்தினி வருசம் இருந்தாங்கன்னு எதுனா போட்டுகீதா?"

"போடல மாமா."

"சரி, அந்த சீலு படத்தையாவது காட்டு. உங்க நைனா சொல்லிக்கினே இருப்பாரு."

தொகுதியை எடுத்துப் பிரித்தேன். மாமா படத்தின் மேல் குனிந்தார். நடுவிலிருந்த பாறையின் மேல் விரலை வைத்தேன். அவர் பார்த்து முடிக்கும்வரை அதை அடுத்த பத்திக்கு நகர்த்தவில்லை.